மாமா காத்த பத்தியம்

மருந்தியல் முதுகலை ஆய்வுக்காக ஆண் எலிகளுக்கு மனச்சோர்வு மருந்தைச் சில வாரங்கள் கொடுத்துவந்தேன். மனத்தைத் தேற்றும் அம்மருந்து உடலின் வேட்கையைக் குறைத்துவிடுவதுண்டு. ஆண்மைக்கு நாட்டு மருந்தாகத் தரப்படும் பூனைக்காலி விதையின் சாறு அக்குறையைப் போக்குமா என்பதே என் கேள்வி. மங்கிய சிவப்பு விளக்கில், பெண் எலியைக் கூண்டுக்குள் விட்டுக் காத்திருப்பேன். மருந்து மட்டும் உண்ட ஆண் எலி மூலையில் அமர்ந்து மீசையை நீவிக்கொண்டிருக்கும். சாறும் சேர்த்து உண்டவற்றுள் சில தயங்கித் தயங்கிப் பெண் எலியை நெருங்கின. சாறு குறையைப் போக்கியதா, மருந்தின் வேலையையே கெடுத்ததா என்பது விளங்கவில்லை.

விதைகளைச் சித்தேரி மலையிலிருந்து வாங்கித் தந்தவர் பொம்மிடிப் பக்கம் விவசாயம் செய்யும் என் அக்காவின் கணவர். தக்காளி பழுத்து உதிர்ந்தபோதும் கட்டிலை விட்டு எழாமல் கிடந்தவரை அதே வகை மாத்திரைதான் எழுப்பி நடக்க வைத்திருந்தது.

“எலிக்குச் சாந்தி முகூர்த்தம் வெக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு நம்ம மாப்ள” என்று எல்லாரிடமும் கேலி பேசுவார். ஒருநாள் தோட்டத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த விதையில நானும் கொஞ்சம் எடுத்துக்கிட்டனுங்க மாப்ள. ஒங்க எலிக்கு வந்த கோளாறுதான் எனக்கும். இப்பத் தேவலைங்க.”

“மாத்திரை, மாமா?”

“நாட்டு மருந்து திங்கறப்ப இங்கிலீஷ் மருந்து ஆவாதுல்லிங்க. பத்தியம். கத்திரிக்காகூடத் தொடறதில்ல.”

குறை தீர்ந்தது விதையாலா, மாத்திரையை நிறுத்தியதாலா? பின்னதுதான் என்று சொன்னால் மாத்திரையை இனி ஒருபோதும் தொடமாட்டார். சொல்லாமல் விட்டால் மறுபடியும் அந்தக் கட்டிலுக்கே திரும்பக்கூடும். சொல்வது, சொல்லாமல் விடுவது இரண்டில் எது அவருக்குத் தீங்கு செய்யும் என்று என்னால் கணிக்க முடியவில்லை. மருத்துவரைப் பார்க்கலாம் என்று மட்டும் வற்புறுத்தினேன்.

தருமபுரியில் அவருக்கு வைத்தியம் பார்ப்பவர் ஒரு பெண் மருத்துவர். “நீங்களே சொல்லிருங்க மாப்ள” என்று மாமா வெளியே நின்றுகொண்டார். நான் உள்ளே போய் எலிகளிலிருந்து தொடங்கினேன்.

“அவரையே கூப்பிடுங்க” என்றார் மருத்துவர்.

மாமா வந்து அமர்ந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று மருத்துவர் கேட்டதும் என்னைப் பார்த்தார். அக்காவின் தம்பியாகிய நான் அங்கே இருப்பது முறையா என்று புரியாமல் எழுந்தேன்.

“இருங்க மாப்ள,” என்றவர், மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “இவுங்க அக்கா விசயந்தானுங்க டாக்டரம்மா.”

மருத்துவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். இது பலருக்கு வருவதுதான், வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம், விதையை இப்போதைக்கு நிறுத்துங்கள் என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். “அந்தப் புது மாத்திரைய எலிக்குக் குடுத்துப் பாத்திருக்கீங்களா மாப்ள?”

“இல்லீங்க மாமா. அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது.”

மாமா மருந்துச் சீட்டுக்காக மருத்துவரிடம் கையை நீட்டினார்.