தெறித்துப்போன ஸ்பிரிங்

கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடவிட எங்களிடம் ஒரு பழைய மின்சாரப் பொம்மை ரயில் இருக்கிறது. சென்ற ஆண்டு அது ஓட மறுத்தது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருந்தது. அதைத் தயாரித்த கம்பெனியே இப்போது இல்லை. விடுவதாக இல்லை என்று திண்டுக்கல்லில் மிக்ஸி ரிப்பேர் கடைகளாக ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர், "இம்புட்டுச் சிறுசு வராது டீச்சர். மிக்ஸி கார்பனை உப்புத்தாள்ல தேய்ச்சுப் பாருங்க" என்றார்.

இரண்டு நாள் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். தரையில் உட்கார்ந்து பொருத்தும்போது, கார்பனை அழுத்திப் பிடிக்கும் அரிசி அளவு ஸ்பிரிங் தெறித்துவிட்டது. குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் தவழ்ந்த என் பத்து மாத மகள் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்! விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. விழுங்கிவிட்டாளோ? மறுபடியும் தரையெல்லாம் தடவித் தேடினேன்.

"தேடுனது போதும், பிள்ளையத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று கணவர் வண்டியை எடுத்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "வயித்துல ஒண்ணுமில்லம்மா" என்றதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஸ்பிரிங் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இனி இந்த ரயிலே வேணாம்" என்றார் கணவர்.

"ரயிலு என்ன செஞ்சுச்சு? தப்பு என்னோடது. நான் திருத்திக்கிறேன்" என்றேன்.

இப்போதெல்லாம் மகள் உள்ளறையில் தூங்கும்போது மட்டுமே, கதவைச் சாத்திவிட்டு என்ஜினைத் திறக்கிறேன். அதுவும் உள்ளே இருப்பது தெரிகிற பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரு கைகளையும் விட்டுத்தான். எது தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். அப்படித்தான் அந்த வேலையையும் முடித்தேன். குடிலைச் சுற்றி ரயில் ஓடியபோது மகள் கைதட்டினாள். அவளை நான் மடியிலிருந்து இறக்கவே இல்லை.