செல்லின் வாயைக் கட்டும் ஊசி

திண்டுக்கல்லில் ஒரு பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். அறுவை செய்தெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி ஸ்லைடாக்குவது என் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் மார்பகப் புற்றுநோய்க்கு ரிசப்டர் டெஸ்ட் கேட்கத் தொடங்கினார்கள். எங்களிடம் அந்த வசதி இல்லாததால் மெழுகுக் கட்டியைச் சென்னைக்கு அனுப்புவோம்.

அப்படிப் போனதில் ஒன்று ஆயக்குடி சரஸ்வதியுடையது. கொய்யாத் தோப்பு வைத்திருந்தார். மார்பில் தொடங்கிய நோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. திரும்பி வந்த ஸ்லைடில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வளையம், பேனாவால் அழுத்தி வரைந்தது போல இருந்தது. சரஸ்வதி தானும் அதைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் காட்டினார்.

"இந்த வளையம்தாம்மா ரிசப்டர். செல்லு மேல கொஞ்சமா இருக்க வேண்டியது, உங்களுக்கு அம்புட்டு இருக்கு. வளரு வளருன்னு உள்ளுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. செல்லும் புரோட்டீனைச் செஞ்சு குவிச்சு, ரெண்டு ரெண்டாப் பிரியுது. அதோட வாயைக் கட்ட இப்ப ஊசி வந்திருக்கு."

"கட்டிப்போட்டா அடங்கிருமுங்களா?"

"நெறையப் பேருக்கு அடங்குது."

மதுரையில் ஊசி போட ஆரம்பித்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் வருவார். சில மாதங்களில் ஈரல் கட்டி ஸ்கேனில் தெரியவில்லை. கீமோ மருந்தில் கொட்டிய தலைமுடி திரும்ப முளைத்தது. தோப்பில் கிளை கழித்துக் கவாத்து நடக்கும்போது கூடவே நிற்பதாகச் சொன்னார்.

அடுத்த வருடம் ஒருநாள் ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னேன். இடது கையை வலது கையால் தூக்கி மேசையில் வைத்தார்.

"இது சொன்ன பேச்சு கேக்கறதில்லைங்க" என்று சிரித்தார். கூட வந்திருந்த கணவர் பழனிச்சாமி சிரிக்கவில்லை.

மூளை ஸ்கேனில் புள்ளி புள்ளியாகக் கட்டிகள் தெரிந்தன. படத்தை எடுத்துக்கொண்டு பழனிச்சாமி டாக்டரம்மாவிடம் வந்தார்.

"அதே நோவுதானுங்களே? அந்த ஊசி இதுக்கு மட்டும் ஏனுங்க கேக்கல?"

"ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள அந்த மருந்து சரியாப் போகாதுங்கய்யா. வெளியவே நின்னுருது."

"மத்த எடமெல்லாம்?"

"சுத்தமா இருக்கு."

அவர் படத்தைத் திரும்ப உறைக்குள் போட்டார். "சுத்தமா இருந்து என்னங்க பண்றது."

ரேடியேஷன் கொடுத்தும் பலனில்லை. சரஸ்வதிக்கு முதலில் பேச்சு போனது, பிறகு கணவரை அடையாளம் தெரியவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் இறந்தார். ஈரல் கடைசிவரை நன்றாகவே இருந்தது.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிசப்டர் பாசிட்டிவ், மருந்து இருக்கிறது என்றதும், குணமாகிவிடுமா என்று நோயாளிகள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். ஸ்லைடு சொல்வது நம் கைக்கு வந்த சதைத் துண்டைப் பற்றி மட்டும்தான். அந்த உடம்பில் இனி என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்றே நோயாளிகளிடம் சொல்லிவந்தேன்.