ஐம்பத்தெட்டாவது விநாடியில் நிற்பவள்

இது நடந்தது. நம்பாவிட்டால் பரவாயில்லை, உட்கார்ந்து வாதாட எனக்குத் தெம்பில்லை. ஜனவரியிலிருந்து இதையே டெக்லனோடு பேசிப் பேசி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக எழுதிப் போட்டுவிட்டால் தூக்கமாவது வருமா என்று பார்க்கிறேன்.

என் பெயர் மெய்ஸி. ஊர் இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி. காலேஜில் மீடியா படித்தேன். அதில் ஒரு பங்கு மார்க் நாமே எடுக்கும் படத்துக்கு. முழுப் படம் இல்லை, ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடம் மட்டும், தலைப்பு வரும் வரை. எடுத்த பிறகு அதை நாமே அலசி எழுத வேண்டும். என்ன செய்தோம், ஏன் செய்தோம், யார் எதைச் செய்தது என்று. கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் திகில் படம்தான் எடுக்கும். இருட்டு இலவசம், அதுதான் காரணம்.

எங்கள் குழுவில் மூன்று பேர். டெக்லன் கேமரா. நான் சத்தம், அதாவது நீளக் கம்பியில் மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நிற்பவள். கீலி நடிகை. டெக்லனின் டெஸ் மாமா பழைய வீடுகளை வாங்கி, பூசி, வாடகைக்கு விடுகிறவர். அவர் கையில் அப்போது ஒரு காலி வீடு இருந்தது. வாசலைத் திறந்தால் நேரே படிக்கட்டு. நவம்பரில் அங்கேதான் எடுத்தோம்.

இந்த மாதிரிக் குழுவில் பேய்க்கென்று தனி ஆள் கிடையாது. அந்த ஷாட்டில் யாருக்கு வேலை இல்லையோ அவர்தான் பேய். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை நைட்டி, ஒரே ஒரு கறுப்பு விக். விக்கை முன்னால் இழுத்துவிட்டால் முகம் தெரியாது. ஜன்னல் ஷாட்டில் பேய் நான். மாடி வராந்தாவில் டெக்லன். கட்டிலுக்கு அடியில் மறுபடி நான். எது யார் என்று எங்களுக்கே குழம்பும். யாரும் கவலைப்படவில்லை.

ஜனவரியில் எங்களுக்கு மீடியா எடுக்கும் ஸ்டப்ஸ் சார் எங்களைச் சின்ன எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். வெளியே மழை. நான் முந்தின நாள், பகுதிநேர வேலை பார்க்கும் சிப்ஸ் கடையில் கடை மூடும் வரை எண்ணெய்ப் புகையில் நின்றுவிட்டு வந்திருந்தேன். கண் தானாக மூடியது.

சார் ஐம்பத்தெட்டாவது விநாடியில் படத்தை நிறுத்தினார்.

"இதுதான் உங்க படத்துலயே பெஸ்ட். மத்ததெல்லாம் சும்மா. இது யாரு?"

கீலி வாசலுக்குள் வந்து குனிந்து ஷூவைக் கழற்றுகிறாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் வெள்ளை நைட்டி. அது மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

"மெய்ஸி சார்," என்றான் டெக்லன்.

"நானா? நான் முன்ரூம்ல மைக் பிடிச்சிட்டிருந்தேன்டா. அதோ பாரு, சுவர்ல கம்பியோட நிழல். இது நீ."

"நான் கேமராடி, லூசு. கேமரா தானா நிக்குமா?"

இருவரும் கீலியைப் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்கறீங்க? முன்னாடி குனிஞ்சிட்டு நிக்கறது யாரு, என் அக்காவா?"

சார் சிரித்தார். "பேயே வந்து நடிச்சுக் குடுத்துச்சா? அப்பக்கூட பேரு வேணும்ப்பா. திரையில வர்ற ஒவ்வொருத்தரும் யாருன்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வெளியாளைக் கூட்டிட்டு வந்து மறைக்கறீங்கன்னு வெச்சுக்கோ, மூணு பேருக்கும் பூஜ்யம். வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

பூஜ்யம். எனக்கு சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் திரைப்படப் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், மீடியாவில் பி கிரேடு வந்தால். இந்த மார்க் போனால் பி கிடையாது. பி இல்லையென்றால் சிப்ஸ் கடைதான், வாழ்நாள் முழுக்க.

வெளியே வந்ததும் டெக்லனைப் பிடித்து உலுக்கினேன்.

"எடுக்கும்போது நீ ஸ்கிரீன்ல பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். நீதான் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறேன்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"அது நான் இல்ல."

"சரி, விடு. அதே ஷாட்டைத் திரும்ப எடுத்து மாத்திடலாம். நீ நில்லு. அப்புறம் நீதான்னு சொன்னா பொய் இல்லையே."

எனக்கும் வேறு யோசனை ஓடவில்லை. யோசிக்கவே முடியாத அளவுக்குக் களைப்பு.

வியாழக்கிழமை காலேஜ் முடிந்து பஸ் பிடித்துப் போனோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ஜனவரியில் அதற்குள் நன்றாக இருட்டிவிடும். வீட்டில் சமையலறையில் மட்டும்தான் கரண்ட். டெக்லன் கேமரா விளக்கைப் போட்டான். ஈரச் சுண்ணாம்பு வாடை. கீலி வாசலில் நின்று சாசேஜ் ரோலைத் தின்றுகொண்டே, "சீக்கிரம் முடிங்கப்பா, எனக்கு அடுத்த பஸ் போகணும்," என்றாள்.

இந்தத் தடவை சத்தம் வேண்டாம், பழையதையே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு. நான் மாடிக்குப் போனேன். ஜீன்ஸுக்கு மேலேயே நைட்டியை மாட்டினேன். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், அப்படி ஒரு குளிர். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, டாய்லெட் மூடிமேல் உட்கார்ந்தேன். டெக்லன் ஆக்‌ஷன் சொன்னதும் வெளியே வந்து, கீழே மூன்று நாலு படி மிச்சம் இருக்கும் வரை இறங்கி, சுவர் பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

விக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரே ஒரு நிமிடம்தான்.

கீழேயிருந்து குரல் வந்தது. "ரெடியா?"

இன்னும் விக் போடவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆக்‌ஷன்!"

அடச்சே என்று எழுந்தேன். விக்கின் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று இருட்டில் தடவினேன்.

க்ரீச்...

படிக்கட்டுப் பலகை.

"ஆ... அப்படித்தான்," என்றான் டெக்லன்.

எனக்குப் புரியவில்லை. கீலியிடம் சொல்கிறான் போல என்று நினைத்தேன்.

க்ரீச்... இன்னொரு படி.

"மெதுவா... இன்னும் மெதுவா. சூப்பர், மெய்ஸி."

என் கை அப்படியே நின்றது.

நான் கதவின் தாழ்ப்பாளைக்கூட இன்னும் தொடவில்லை.

"இப்போ சுவர்ப்பக்கம் திரும்பு... ஆங். அங்கேயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் அசையாதே."

சத்தம் நின்றது.

கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்தேன்.

படிக்கட்டில் ஒரு வெள்ளை முதுகு.

எங்களிடம் ஒரே ஒரு நைட்டி. அது என் மேல் இருந்தது. ஒரே ஒரு விக். அது என் கையில் இருந்தது.

"டெக்லன்..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு மேலே, மாடியில், என்னைப் பார்த்தான். பிறகு அவளை. மறுபடி என்னை.

கேமரா கீழே விழுந்தது. கீலி திரும்பினாள். அவள் கத்தவில்லை, அதுதான் பயங்கரம். ஒரு சத்தமும் இல்லாமல் இரண்டு பேரும் வாசல் வழியே ஓடினார்கள்.

நான் மேலே.

வாசல் கீழே.

நடுவில் அவள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவள் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

இறங்கினேன்.

மாடியில் வேறு வழி இல்லை.

கைப்பிடிக் கட்டையில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு படி... இன்னொரு படி...

அவளுக்கு நேராக வந்தேன்.

அவ்வளவு குறுகலான படிக்கட்டு. என் நைட்டி அவள் நைட்டியில் உரசியது.

அவள் மூச்சு கேட்டது. கோபமான மூச்சு இல்லை. நாளெல்லாம் நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இருக்குமே, அந்த மூச்சு. சிப்ஸ் கடையில் கடை மூடும் நேரத்தில் எனக்கு வருவது.

அசையாதே என்று சொல்லியிருந்தான்.

அவள் அசையவே இல்லை.

வெளியே வந்து, நைட்டியோடு, சாக்ஸோடு, மழையில் பஸ் நிறுத்தம் வரை ஓடினேன். நாயோடு வந்த ஒரு ஆள், "பேய் வேஷமா? ஹாலோவீன் முடிஞ்சு எத்தனை மாசமாச்சு, தங்கம்!" என்று சிரித்தார். டெக்லனும் கீலியும் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். டெக்லனை ஓங்கி ஒரு அறை விட்டேன். அவன் தடுக்கக்கூட இல்லை.

"என்னை விட்டுட்டு ஓடினே."

"ஆமா," என்றான். "சாரி. ஆமா."

மறுநாள் காலை டெஸ் மாமாவே கேமராவைக் காலேஜ் வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். "யாரு வீட்டுச் சாமான்னு நினைச்சீங்க? தரையில கெடக்கு, வாசக் கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. சாவியை இனிமே கேளுங்க, சொல்றேன்."

கேமரா விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கேன்டீன் மூலையில் மூன்று பேரும் தலையை ஒட்டி வைத்துப் பார்த்தோம். படம் பக்கவாட்டில் சாய்ந்து, படிக்கட்டின் அடிப்பகுதி மட்டும் தெரிகிறது. கீழிருந்து நாலாவது படியில் இரண்டு வெறுங்கால்கள். கொஞ்ச நேரத்தில் என் சாக்ஸ் கால்கள் மேலிருந்து வந்து, அவற்றைத் தாண்டி, ஓடுகின்றன. பிறகும் வெறுங்கால்கள் அங்கேயே. கீலி படத்தை வேகமாக ஓட்டினாள். கேமரா விளக்கு மங்கி அணைந்தது. தெருவிளக்கு வெளிச்சம் வாசல் வழியே விழுந்தது. கால்கள் அங்கேயே. பேட்டரி தீரும் வரை ஒரு விரல்கூட அசையவில்லை.

கீலி மெமரி கார்டை அழித்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் சார் கேட்டார். "என்ன, பேயோட பேரு தெரிஞ்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் டெக்லன் சொன்னான். "மெய்ஸிதான் சார். ஞாபகம் வந்துருச்சு. மைக்கைக் கதவுல சாத்தி வெச்சுட்டு வந்து நின்னா."

சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா. அருமையா நின்னிருக்கே. அதைப் பத்தி நல்லா எழுது."

எழுதினேன். அந்த நிற்பைப் பற்றி ஒரு பக்கம். அசையாமல் நிற்பது ஏன் பயமுறுத்துகிறது, முகம் காட்டாதது ஏன் நல்ல முடிவு. ஆகஸ்டில் முடிவு வந்தது. ஏ. சால்ஃபோர்டில் இடம் உறுதி. அம்மா அழுதாள். எனக்குத் தூங்க வேண்டும் போல இருந்தது.

அந்த வாரமே டெக்லன் போன் செய்தான். மாமா வீட்டைக் கோடையில் ஒரு ஜோடிக்கு வாடகைக்கு விட்டாராம், கைக்குழந்தையோடு. மூன்று வாரத்தில் காலி செய்துவிட்டார்களாம்.

"என்ன சொன்னாங்களாம்?"

"படிக்கட்டுல ஒரு பொண்ணு நிக்குதாம். ஒண்ணும் பண்ணலையாம். சுவரைப் பாத்துட்டு நிக்குதாம். போயிடுன்னு கத்திப் பாத்திருக்காங்க. காதுலயே வாங்கலையாம். வேற யாரோட குரலுக்கோ காத்திருக்கற மாதிரி இருந்துச்சாம்." பிறகு, "மெய்ஸி... நான் அன்னைக்குக் கட் சொல்லவே இல்ல," என்றான்.

அவனை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். அழுதான். எனக்கு அந்த மூச்சு ஞாபகம் இருந்தது. ஏழு மாதம். அசையாமல்.

செப்டம்பரில் சால்ஃபோர்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவனை இழுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகல். நல்ல வெயில். எதிர்வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எங்களிடம் சாவி இல்லை. இருந்தாலும் உள்ளே போயிருக்க மாட்டோம். வாசல் கதவில் தபால் போடும் துளை இருக்கிறதே, அதன் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே பார்க்கவில்லை. டெக்லனின் தலையை அதற்கு நேராக அழுத்தினேன்.

"சொல்லு."

"கட்," என்றான். குரலே வரவில்லை.

"சத்தமாடா!"

"கட்! முடிஞ்சுது! நல்லா பண்ணினே... தேங்க்ஸ்!"

ஒன்றும் இல்லை.

பிறகு...

க்ரீச்.

பலகையில் யாரோ மெல்ல உட்காரும் சத்தம். கூடவே ஒரு நீளமான மூச்சு. கால் வலிக்க நின்றவள், கடைசியில் உட்கார்ந்ததும் விடும் மூச்சு.

டெக்லன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் தெருமுனை வரை நடந்தோம். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் வழியனுப்ப டெஸ் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். சொன்னேன்.

"இனிமே அந்தப் படிக்கட்டால உங்களுக்குத் தொந்தரவு இருக்காது மாமா. தைரியமா வாடகைக்கு விடுங்க."

அவர் டீ கப்பைக் கீழே வைத்தார்.

"எந்தப் படிக்கட்டு, தங்கம்? அந்த வீட்டை ரெண்டு ஃபிளாட்டா பிரிக்கறேனே, டெக்லன்கிட்டகூட இன்னும் சொல்லல. படிக்கட்டைப் போன வாரமே பேத்து எடுத்தாச்சு. இப்போ வாசலைத் தொறந்தா வெறும் மண்ணுத் தரைதான்."