விமானந்தாங்கிக் கப்பலாகிய நான்

இன்று மாலை நாசி கண்டார் சோற்றுக்கடையில் நானும் காதர் பாயும் உலகப்போர் நடத்திக்கொண்டிருந்தோம்.

"ஒரே ஏவுகணை போதும் பாய், விமானந்தாங்கிக் கப்பல் அப்பளமா நொறுங்கிரும்."

"கப்பல் என்ன கொம்தார் கட்டடமா, ஒரே இடத்துல நிக்க? ஓடிக்கிட்டே இருக்கும்லா. எங்கனு தெரிஞ்சாத்தானே அடிக்க முடியும்?"

நியாயம்தான். சர்க்கரை வியாதிக்காரனான எனக்கு வீட்டில் தே தாரிக் என்னும் இனிப்புத் தேநீருக்குத் தடை. தினம் ஒரு கடை மாறி, ஏழு கடலும் சுற்றி, இதுவரை பிடிபடாமல் குடித்து வந்தேன்.

இரண்டாவது மிடறில் மனைவி நேராக எங்கள் மேசைக்கு வந்தாள். கிளாசைப் பிடுங்கி பாயிடம் நீட்டினாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"இந்தப் பாய் அண்ணன்தான் இப்ப உங்க போட்டோவ ஃபேஸ்புக்ல போட்டாரே. கடை பேரோட."

பாய் என் தேநீரை ருசித்துக் குடித்தார்.

உலகக் கடற்படைத் தளபதிகளே, ஏவுகணையை விடுங்கள். கூட வரும் நண்பனின் கைப்பேசியை முதலில் கடலில் எறியுங்கள்.

உங்களை மூழ்கடித்த நண்பர் யார்? கீழே எழுதுங்கள். பாயும் படிக்கட்டும்.