சிவந்த கொத்தெல்லாம் உலோகமா?

நட்சத்திரக் கொத்துகளின் நிறத்தை அளப்பது பகல் வேலை. திரையைப் பார்த்துக் கண் நோவதைவிட, அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே வாய் நோகும். மற்றவர்களுக்கு விளங்காத உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். எண்பதுகளின் கடைசியிலிருந்து சில வருடம் லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் அதைத்தான் செய்தேன்.

ஒட்சிசனும் உலோகம்

வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கலியாணப் பந்தி. பக்கத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. உலோகம் கூடிய கொத்து நீல ஒளியைக் கூடுதலாக விழுங்கும், அதனால் சிவந்து தெரியும் என்றேன்.

"என்ன உலோகம்? இரும்போ?"

"இரும்பும்தான் மாஸ்டர். ஐதரசன், ஈலியம் தவிர மற்ற எல்லாத்தையும் நாங்கள் உலோகம் எண்டுதான் சொல்லுறது. ஒட்சிசனும் உலோகம்."

அவர் வடையை இலையில் திருப்பி வைத்தார்.

"தம்பி, இப்பிடி எழுதின எத்தினை பெடியளுக்கு நான் முட்டை போட்டிருப்பன்!"

தபால் சாக்கு

ஒரு கொத்து மற்ற எல்லாவற்றையும்விடச் சிவப்பாக இருந்தது. உலோகம் மிகுந்தது என்று நானும் என் மேலாளர் மார்கரெட்டும் கட்டுரை எழுதினோம். என் ஒப்பந்தம் நீடிப்பதே அதில்தான் தங்கியிருந்தது.

கட்டுரையை ஆய்விதழுக்குத் தபாலில் போட்ட அன்று மத்தியானம், சாண்ட்விச்சைக் கடித்தபடி அட்டவணையைப் பார்த்தேன். கொத்துக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தூசியும் ஒளியைச் சிவக்க வைக்கும். அந்த அளவை அட்டவணையில் பார்த்துக் கழிக்க வேண்டும். நான் பக்கத்து வரியின் எண்ணைக் கழித்திருந்தேன். சரியான எண்ணைப் போட்டதும் அது வெறும் சாதாரணக் கொத்து. பேசாமல் இருந்திருக்கலாம், மார்கரெட்டிடம் போய்ச் சொன்னேன்.

மார்கரெட் படிகளில் ஓடினார். பல்கலைக்கழகத் தபால் அறையில் கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்து, முழங்காலிட்டுத் தேடி, எங்கள் உறையை இழுத்தெடுத்தார்.

"அப்போ என் வேலை?" என்றேன்.

"தன் பிழையைத் தானே வந்து சொல்கிற ஆளை நான் இனி எங்கே போய்த் தேடுவது?"

றீற்றா அக்காவின் கேள்வி

வால்தம்ஸ்டோவில் நான் கோட்டு வெளுக்கக் கொடுக்கும் சலவைக் கடையில் மன்னாரைச் சேர்ந்த றீற்றா அக்கா வேலை செய்தார். என் தொழிலைக் கேட்டுவிட்டு, ஒரு பழைய சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இது புதுசிலயே இந்த நிறமோ, பழசாகி இப்பிடி வந்ததோ? நிறத்தை மட்டும் பாத்து எப்பிடிச் சொல்லுவியள்?"

எங்கள் கேள்வியும் அதேதான். வயது போனாலும் கொத்து சிவக்கும். வயதா உலோகமா என்பதுதான் எங்கள் கூட்டங்களில் பெரிய சண்டை.

"நிறம் மட்டும் போதாதக்கா. ஒளியை வானவில் மாதிரிப் பிரிச்சு, கோடு கோடாப் பாக்கோணும்."

"நாங்கள் தையலைப் புரட்டிப் பாப்பம். உங்களுக்கு அதுக்கொரு பல்கலைக்கழகம் வேண்டிக்கிடக்கு!"

வானத்தைப் பற்றி நான் கண்டுபிடித்தது கொஞ்சம்தான் என்றாலும், திங்கட்கிழமை காலையில் சலிக்காமல் வேலைக்குப் போன லண்டன்வாசிகள் சிலரில் நானும் ஒருவன்.