பத்தொன்பதாம் மாடியிலிருந்து எப்படி இறக்குவார்கள்

ஹாங்காங்கில் வெளியே மழை பெய்கிறதா என்பது எனக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். என் வீடு முப்பத்தோராவது மாடியில். லிஃப்டில் இறங்கினால் மால், மாலுக்கு அடியில் ரயில் நிலையம். அந்த ரயில் கொண்டுபோய் விடுகிற நிலையத்தின் தலைமேல் என் அலுவலகம். பதினோரு வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து கொண்டுவந்த குடை இன்னும் புதுக்கருக்குக் குலையாமல் அலமாரியில் கிடக்கிறது. இதையெல்லாம் பெரிய சாதனை மாதிரி போனில் அம்மாவிடம் அளந்திருக்கிறேன். "செருப்புல தூசியே படாதும்மா" என்று சொன்னவள் நான்தான். அந்த வாய்க்கொழுப்பின் பலனை இந்த முறை விடுமுறையில் அனுபவித்தேன்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ரயில் நிலையம். அதன்மேல் கோபுரம் கோபுரமாகக் கட்டப் போகிறார்களாம். கீழே ரயில், நடுவில் கடைகளும் ஆபீஸ்களும், மேலே குடியிருப்பு. என் தம்பி சேகர் அதில் விழுந்துவிட்டான். அப்பா கட்டிய இரண்டு அறை வீட்டை விற்றுவிட்டு, அம்மாவோடு பத்தொன்பதாவது மாடிக்குப் போய்விடுவது அவன் திட்டம். வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது. கையெழுத்து கேட்டபோது அம்மா, "பெரியவ வரட்டும். அவதான் அந்த மாரி வூட்ல கீறா. அவ சொன்னா போடறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆக, ஸ்டேஷன் மேல் குடியிருக்கிற ஒரே தகுதியில் நான் நிபுணர் ஆகிவிட்டேன்.

விற்பனை அலுவலகத்தில் பல் கிட்டித்துப்போகிற குளிர். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரப்போகும் கட்டடத்தின் பொம்மை. அடியில் ஒரு குட்டி ரயில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த பொம்மை மயிலாப்பூரில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு ஆட்டோ இல்லை, ஒரு பூக்கூடை இல்லை. நொச்சிக்குப்பத்துப் படகுகள், மீன்கடைகள் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டுக் கடலுக்கு மட்டும் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். மொட்டை மாடியில் முகமே இல்லாத நான்கு பிளாஸ்டிக் மனிதர்கள் யோகா செய்தார்கள். டை கட்டிய பையன், இது வீடு இல்லை, லைஃப்ஸ்டைல் என்றான். கோயில் கோபுரம் தெரிகிற பக்கத்துக்கு விலை கூடுதல் என்றும் சொன்னான். சாமியைக்கூட விட்டுவைக்கவில்லை. சேகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அதுவரை வாய் திறக்காத அம்மா பையனைக் கூப்பிட்டாள். "நைனா, நான் செத்துப்பூட்டா எப்பிடி எறக்குவீங்க?"

"யம்மா, சும்மா இரேன்" என்றான் சேகர்.

பையன் சிரித்தான். "நீங்க நூறு வருஷம் இருப்பீங்க மேடம்."

"சரி, இருந்துட்டு?"

பையனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். சர்வீஸ் லிஃப்ட் இருக்கிறது என்றான். அது எங்கே போய்த் திறக்கும் என்று நான் கேட்டேன். பொம்மைக் கட்டடத்தின் பின்பக்கம், குப்பை லாரி வந்து நிற்கும் இடத்தைக் காட்டினான். வாசலில் வைக்கலாமா என்றாள் அம்மா. வாசல் ஸ்டேஷனோடு பொது என்றான். மேளம்? சத்தம் கூடாது. பூ? அவன் சங்கடத்தோடு ஹவுஸ்கீப்பிங் என்று என்னவோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்டி. உன் வூட்ல எப்பிடி எறக்கறாங்க?"

அப்பா இறந்த செய்தி கேட்டு நான் வந்து இறங்கியபோது, தெருமுனையில் ஆட்டோக்காரரிடம் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. சந்து முழுக்க ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேளம். "சாவு வூடா? எறங்கும்மா" என்று பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா போன பிறகும் இரண்டு நாள் சாமந்தி இதழ்கள் தெருவில் கிடந்தன. தெரியாதவர்கள்கூட வண்டியின் வேகத்தைக் குறைத்தார்கள்.

முப்பத்தோராவது மாடியில் என் எதிர்வீட்டுக் கிழவரின் செருப்பு ஒரு நாள் வாசலில் இல்லை. நான் கவனிக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு வழக்கம்போல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவியிடம் இனிப்பு டப்பாவை நீட்டி, அதில் சர்க்கரை இல்லாத துண்டைத் தொட்டுக் காட்டி, இது அங்கிளுக்கு என்று சைகையில் சிரித்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, 'தோ சே' என்று நன்றி சொல்லித் தலையாட்டினாள். அவர் இறந்து இரண்டு வாரம் ஆகிறது என்று பிறகு காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. சாவு வீட்டுக்கு மைசூர்பாகு கொடுத்தவள் நான். எங்கள் சந்தில் எந்தக் குழந்தையும் இந்தத் தப்பைச் செய்யாது.

"தெரியாதும்மா" என்றேன்.

"பதினோரு வருஷமா இருந்துகினு இது தெரியலன்றியேக்கா" என்று சேகர் கத்தினான். அம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, வூட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான். கையெழுத்து விழவில்லை. நான் கிளம்பும் வரை சேகர் என்னோடு பேசவில்லை. கெடுத்துவிட்டேனாம். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஸ்டேஷன் மேல் வாழ்க்கையை அவனுக்கு முதலில் விற்றது அந்த டை கட்டிய பையன் இல்லை, நான்.

திரும்பி வந்த மறுநாளே காவலாளியிடம் கேட்டு, எங்கள் கட்டடத்தின் சர்வீஸ் லிஃப்டில் ஏறினேன். ஏதாவது சாமான் இறக்க வேண்டுமா என்றான். இல்லை என்றதும் விநோதமாகப் பார்த்தான். மால் தாண்டி, தெரு மட்டம் வரை லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தால் ஈர அட்டைப் பெட்டிகள், குப்பைத் தொட்டிகள், ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு அப்பால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிழவர் போன வழி இதுதான். போய் நின்றேன். குடை மேலே அலமாரியில் இருந்தது.

அம்மாவின் போன் வந்தது. "இன்னா சத்தம் அது? எங்க கீற?"

"வாசல்லம்மா."

"மழயில இன்னாடி வாசல்ல நின்னுகினு? உள்ள போ."

எந்த வீட்டுக்குள் என்று நான் கேட்கவில்லை. நனைந்துகொண்டே நின்றேன்.