வியாழக்கிழமைப் பசி

சமோசா மடிக்கும்போது ராபியா அக்காவின் இடது கை வேலையை விட்டுவிட்டு அவ்வப்போது வயிற்றின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்கள் பாதி மூடும். "ஸ்ஸ்... இரு வித்யா" என்பாள். பிறகு தலையை ஆட்டி, "ஊஹூம், வர்ல" என்று அடுத்ததை மடிப்பாள்.

அவள் காத்திருப்பது பசிக்காக.

பூந்தமல்லியில் எங்கள் தெருவுக்கு ரமலான் மாதம் முழுக்க அவள் கைச் சமோசாதான். நோன்பாளி உப்புப் பார்க்க மாட்டாள். அதற்கு எதிர் வீட்டுக்காரி நான். ஒரு காலத்தில் அவள் தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். பாரம் தாங்காத முட்டி. தொழுகைகூட நாற்காலியில்தான். போன வருஷம் டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். அதை அவள் விளக்குகிற அழகே தனி: "சாப்ட்டதும் கொடலு மூளைக்கு 'போதும்'னு போன் போடுமாம். இந்த ஊசி வாரம் பூரா அந்தப் போனைக் கீழ வெக்கவே மாட்டேங்குது."

உடம்பு இளைத்தது. ஒரு நாள் தொழுகைப் பாயிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். "நெத்தி தரையில பட்டுச்சு வித்யா! எத்தினி வருசமாச்சு!" அவள் அழுதாள், எனக்கும் தாங்கவில்லை.

வினை நோன்பில் வந்தது. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தும் பசிக்கவில்லை. "பசியே இல்லாம இன்னா நோன்பு? ஒப்புக்குப் புடிக்கிற மாரி கீது." கணவர் ஜாபர் அலி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தார். நோன்பு வைக்கிற நிய்யத், அந்த எண்ணம் இருக்கிறது, அது போதும், நோன்பு கூடும் என்றாராம். "கூடும்தான். இல்லாதப்பட்டவன் வயிறு எப்டி எரியும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"ஊசியை நிறுத்திடுங்களேன் அக்கா" என்றேன்.

"அப்ப நெத்தி?" என்றாள்.

ஊசி வெள்ளிக்கிழமைதோறும். வியாழன் பிற்பகலில் அதன் பிடி சற்றுத் தளரும் என்பது அவள் நம்பிக்கை. அன்றைக்கு அவள் இந்த உலகத்திலேயே இருப்பதில்லை. சன்னல் வெயில் மைதா மாவின்மேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சமோசாக்கள் கோணிக்கொள்ளும். நெடுஞ்சாலைப் பேருந்துகளின் இரைச்சல் எங்கோ கனவில் கேட்பதுபோல் இருக்கும், எனக்கும்கூட.

போன வியாழன் பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினாள். மெல்ல ஒரு சத்தம், குர்ரென்று. எனக்கும் கேட்டது. அவள் மாவுக் கையோடு என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள், தலைப்பிள்ளை உதைப்பதைக் காட்டுகிறவள் மாதிரி.